நான்காவது டிராக்

பீளமேட்டில், தீப்பிடித்த பிறகு மூடிக் கிடந்த அந்த ஸ்பின்னிங் மில் வம்சியின் பெரியப்பா சுந்தரராஜுலுவுக்குச் சொந்தமானது. 1997 ஆடியில், காற்று பேயாய் வீசிய ஒரு மத்தியானம், வம்சியும் வின்ஸ்டனும் துருப்பிடித்த கேட்டைத் தள்ளித் திறந்து மாருதி வேனை உள்ளே விட்டார்கள். வேனில் ஓர் எலக்ட்ரிக் கிட்டார், ஓர் உறுமி, சர்ச்சில் கழித்துப்போட்ட, காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியம், நான்கு சத்தங்களைத் தனித்தனியாகப் பதியும் நான்கு டிராக் ரெக்கார்டர்.

இருவரும் இன்ஜினியரிங் கடைசி வருடம். பிளாக் மெட்டல் என்னும் இசை தபாலில் வந்த கேசட்டுகள் வழியாக அவர்களைப் பிடித்திருந்தது. பனியும் இருட்டும் அலறலுமாக, எங்கோ வடக்கே குளிர் தேசத்துப் பையன்கள் எழுப்பிய சத்தம். அதில் உறுமியையும் ஆர்மோனியத்தையும் கலந்து, இதுவரை யாரும் கேட்டிராத ஓர் ஆல்பம் போட வேண்டும். வம்சிக்கு அது வெறியாகவே ஆகியிருந்தது.

பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் ஹாலின் ஜன்னல்களில் தகரம் அடித்திருந்தார்கள். வெளியே நல்ல வெளிச்சம். உள்ளே கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. ஆபீஸ் அறையிலிருந்து ஒயர் இழுத்து ஒரே ஒரு பல்பைத் தொங்கவிட்டார்கள். பழைய எண்ணெயும் எலிப் புழுக்கையும் நாறின.

வின்ஸ்டன் ஆர்மோனியத்தை மிதித்தான். வம்சி வளைந்த குச்சியால் உறுமித் தோலைத் தேய்த்தான். அடிவயிற்றிலிருந்து வருவதுபோல அது முனகியது. அதன் மேல் கிட்டாரைத் தனியாகப் பதிந்தார்கள். மூன்று டிராக்குகள். நான்காவது வம்சியின் குரலுக்காகக் காலியாக இருந்தது.

போட்டுக் கேட்டபோது நான்காவது டிராக்கின் முள் ஆடியது.

"அதுல ஒண்ணுமே பதியலையேடா," என்றான் வின்ஸ்டன்.

வம்சி மற்ற மூன்றையும் அடக்கிவிட்டு அதை மட்டும் ஓடவிட்டான். நீளமான, ஈரமான ஓர் ஊதல். குழலைப் போல. இல்லை, குழல் இப்படித் தடுமாறாது. பாட்டு ஏறும்போது அதுவும் ஏறியது. பாட்டு நிற்கும் இடத்தில் அதுவும் நின்றது.

"ஆர்மோனியத்துல காத்து ஒழுகுதா?"

"ஒழுகுனா தாளத்துக்கா ஒழுகும்? அழிச்சுபோடு வம்சி. எனக்குப் பிடிக்கல."

"அழிக்கறதா? இந்தச் சத்தம் உலகத்துல எவன்கிட்டயும் இல்லடா!"

மறுநாளும் வந்தார்கள். அடுத்த பாட்டிலும் அந்த ஊதல் இருந்தது. இன்னும் அருகில் வந்திருந்தது. வின்ஸ்டன் அடிக்கடி நெஞ்சைத் தடவிக்கொண்டான். படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றான். பஞ்சுத் தூசியாயிருக்கும் என்று வம்சி சொன்னான். அதற்கடுத்த நாள் வின்ஸ்டனின் குரல் கட்டிக்கொண்டது.

"ஊட்டுக்குப் போலாம்டா," என்று கிசுகிசுத்தான்.

"கடைசிப் பாட்டு. இத முடிச்சுபோட்டுப் போயிரலாம்."

பாதிப் பாட்டில் ஆர்மோனியம் நின்றது. வின்ஸ்டன் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். காற்று உள்ளே போகவில்லை. உதடுகள் நீலமாகிக்கொண்டிருந்தன.

ஆர்மோனியம் நின்ற பிறகும் அந்த ஊதல் நிற்கவில்லை.

இந்த முறை ஹெட்போன் இல்லாமலே கேட்டது.

வம்சி அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். எல்லாச் சாமான்களும் போட்டது போட்டபடி ஹாலிலேயே கிடந்தன.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தமாக இருந்தது. டாக்டர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். வின்ஸ்டனின் அக்கா லின்சி ஜெபமாலையும் கையுமாகக் கட்டிலருகிலேயே இருந்தாள்.

"அவன் மூச்ச வேற ஆரோ பங்கு போட்டுக்கறாப்பல இருக்குது கண்ணு," என்றாள். "அங்க என்னதான் பண்ணுனீங்க ரெண்டு பேரும்?"

வம்சியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை அவன் தனியாக மில்லுக்குப் போனான். பல்பு எரிந்துகொண்டே இருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான்காவது டிராக்கை ஓடவிட்டான். இப்போது அது ஊதலாக இல்லை. மூச்சாக இருந்தது. இழுக்கும்போது நடுவில் ஒரு சிறு விக்கல். ஹாஸ்டல் அறையில் மூன்று வருடமாகப் பக்கத்துக் கட்டிலிலிருந்து கேட்ட, வின்ஸ்டனின் தூக்க மூச்சு.

அவன் மூச்சை இங்கே பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. 'யார்' என்று மனதில் எழுந்த கேள்வியை அவன் முடிக்க விடவில்லை.

டேப்பைச் சுற்றி ஆரம்பத்துக்குக் கொண்டுவந்தான். நான்கு டிராக்கையும் ரெக்கார்டில் போட்டு, ஒலி அளவைச் சுத்தமாகக் குறைத்தான். ஆல்பம் அழிய ஆரம்பித்தது. உறுமி போயிற்று, கிட்டார் போயிற்று. அவன் அழுதுகொண்டிருந்தான். வின்ஸ்டனுக்காகவா ஆல்பத்துக்காகவா என்று அவனுக்கே தெரியவில்லை.

டேப் முடிந்து 'டக்'கென்று நின்றது. ஹெட்போனில் நிசப்தம்.

கழற்றினான்.

மூச்சு கேட்டது.

ஹாலின் மறுகோடியிலிருந்து, இருட்டுக்குள்ளிருந்து, நிதானமாக வந்தது. அவன் அசையவில்லை. அது அவனை நெருங்கியது. பிடரியில் சூடாகப் பட்டது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு அவனைக் கடந்து, அவன் திறந்து வைத்திருந்த வாசல் வழியாக வெளியே போனது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் லின்சி ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"கண்ணு, எந்திரிச்சு உக்காந்துட்டானுங்க! மாஸ்க்கக் கழட்டிப் போட்டாங்க. மூச்சு நல்லா வருது. ஆண்டவரே..."

வின்ஸ்டன் தலையணையில் சாய்ந்திருந்தான். உதடுகளில் ரத்தம் திரும்பியிருந்தது. வம்சியைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் கூப்பினான். நண்பனைக் கும்பிடுகிறானே என்று லின்சிக்கு மறுபடியும் சிரிப்பு வந்தது.

"பாபு," என்றான் வின்ஸ்டன். வயதான பெண்ணின் குரல். "பாபு, தலுப்பு திய்யண்டி."

லின்சியின் சிரிப்பு நின்றது. "என்னங்கண்ணு சொல்றான்? என்ன பாஷை இது?"

வின்ஸ்டனுக்குத் தெலுங்கில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. வம்சியின் வீட்டில் பேசுவதே தெலுங்குதான். கதவைத் திறந்துவிடுங்கள் என்று அந்தக் குரலுக்குரியவள் கெஞ்சுகிறாள். மில்லைப் பூட்டிவைத்த முதலாளி வீட்டு ஆளாக எண்ணித் தன்னிடம் கெஞ்சுகிறாள் என்று வம்சிக்குப் புரிந்தது.

"ஒண்ணுமில்லீங்க அக்கா," என்றான் மெல்ல.

வின்ஸ்டன் இருமினான். அறை முழுக்கக் கருகிய பஞ்சின் வாடை பரவியது.