எட்டு வினாடி, நூற்று அறுபது படம்

பிற்பகல் 3.15. பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே வெல்வெட் துணி இருந்தது. வெள்ளி பெல்ட் பக்கிள் இல்லை. காளை மேல் எட்டு வினாடி தாக்குப்பிடித்து ஜெயித்தவனுக்கு மாட்டிவிட வேண்டிய பரிசு அது.

"மூணு எட்டுக்குப் பார்த்தேன், இருந்துச்சு. மூணேகாலுக்குக் காணோம்," என்று அந்தக் காளைச் சவாரிப் பந்தயத்தின், அதாவது ரோடியோவின், செயலாளர் நடீன் அழாத குறையாகச் சொன்னார்.

பெட்டி இருந்த அவருடைய டிரெய்லர் மைதானத்தின் பின்பக்கம் நின்றது. அங்கே போக அன்று இரண்டே பேருக்குத்தான் அனுமதி. காளைகளைக் கவனிக்கும் கிளைட் ரஸ்க், ரோடியோவுக்குப் படம் எடுக்கும் பிரைஸ் டாலிவர். கிளைட் ஜெயிலிலிருந்து வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. இன்னொரு புகார் வந்தால் மறுபடி உள்ளே போகவேண்டியதுதான். வயோமிங்கின் அந்தச் சிற்றூர் அவன்தான் என்று அதற்குள் முடிவுகட்டிவிட்டது.

போலீஸ் டெபுடி லொரெட்டா வான்ஸ் முடிவுகட்டவில்லை. ஞாயிறுதோறும் கேமராவோடு பறவைகள் பின்னால் அலைகிறவர். அவசரப்பட்டால் ஒன்றும் சிக்காது என்பது அவருக்குப் பழகிப்போன பாடம்.

3.40.

"மூணு பத்துக்கு எங்கப்பா இருந்தே?" என்று கிளைடைக் கேட்டார்.

"தண்ணித் தொட்டிகிட்ட, மேடம். தனியாத்தான். காளைங்களைத்தான் சாட்சிக்குக் கூப்பிடணும்." சிரிக்கப் பார்த்தான்.

பிரைஸை நிருபர் கூடாரத்தில் பிடித்தார். பந்தயம் முடிந்ததும் படம் எடுப்பவர்கள் எல்லோரும் தங்கள் படங்களை அங்கிருந்த பொது லேப்டாப்பில் கொட்டிவிடுவது வழக்கம். பிரைஸ் தெனாவட்டாகக் கேமராவிலிருந்து கார்டை உருவி நீட்டினார்.

"பாருங்க டெபுடி. மூணு பத்து, கடைசிக் காளை. எட்டு வினாடி, நூத்தி அறுபது படம். அமுக்கின விரலை எடுக்கவே இல்லை. அப்புறம் எப்படித் திருடப் போவேன்?"

"வேற கார்டு இருக்கா?"

"இது ஒண்ணுதான். காலைல குடும்பப் படம் எடுக்கப் போட்டேன், இப்பதான் வெளிய வருது. நூத்தி இருபத்தெட்டு ஜிபி! கடையிலயே பெருசு."

லொரெட்டா கார்டைப் புரட்டினார். சி எழுத்தின் வயிற்றுக்குள் பொடியாக 10 என்றிருந்தது. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

3.55. நடீனையும் கிளைடையும் வரவழைத்தார். கார்டை பிரைஸின் கேமராவிலேயே திரும்பப் போட்டார்.

"செட்டிங் ஏதாவது மாத்தினீங்களா?"

"ஒரு பட்டனையும் தொடலை."

பட்டனை அமுக்கி விரலை எடுக்காமல் வைத்திருந்தார். டகடகவென்று ஓடிய சத்தம் இரண்டே வினாடியில் இழுக்க ஆரம்பித்தது. டக்... டக்... அப்புறம் அதுவும் நின்றது. சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"நானும் விரலை எடுக்கலையே, பிரைஸ். ஏன் நின்னுடுச்சு?"

லொரெட்டா கார்டை உருவி எல்லோருக்கும் காட்டினார்.

"ஜிபின்னா எவ்வளவு கொள்ளும்னு கணக்கு. எவ்வளவு வேகமா முழுங்கும்ங்கிறது வேற. இந்தக் குட்டிப் பத்து, வினாடிக்குப் பத்து எம்பிக்குத்தான் உத்தரவாதம். குடும்பப் படத்துக்கு அது போதும். காளைக்கு ஆகாது. இடைவெளியே இல்லாம நூத்தி அறுபது படம் இருக்குன்னா, வேற யாரோ எடுத்ததை இதுல காப்பி பண்ணியிருக்கீங்க."

கூடாரத்திலேயே இருந்த, மாவட்டப் பத்திரிகைக்குப் படம் எடுக்கும் ஜோனி ப்ரூயிட் பாய்ந்து வந்து கார்டை வாங்கி லேப்டாப்பில் செருகிப் பார்த்தாள். "அடப்பாவி, இது என் படம்! என் கேமரா நம்பரே உள்ள பதிஞ்சிருக்கு!"

தேடியபோது பக்கிள் பிரைஸின் லென்ஸ் உறைக்குள் இருந்தது.

"இந்த ரோடியோவுக்கு நாலு வருஷம் ஓசியில படம் எடுத்தேன். ஒரு தேங்க்ஸ் சொன்னாங்களா?" என்று முனகினார்.

"அதுக்கு இவனை ஜெயிலுக்கு அனுப்புவீங்களா?" என்றார் லொரெட்டா.

4.20. கிளைட் வேலியோரம் காத்திருந்தான். "எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை, மேடம்."

"எனக்கு வேணாம்ப்பா. போன ஜனவரில ஒரு வெள்ளை ஆந்தை எனக்கு நேரா பறந்து வந்துச்சு. இதே மாதிரி கார்டு, ரெண்டு வினாடில கேமரா மூச்சு முட்டி நின்னுடுச்சு. ஒரு மாசம் அந்த ஆந்தையைத் திட்டினேன். இன்னிக்குத்தான் அது பறந்ததுக்கு நன்றி சொல்லணும்னு தோணுது."

அந்த ஊர் ஆண்கள் தேசிய கீதத்துக்கும் பிரார்த்தனைக்கும் தவிரத் தொப்பியைக் கழற்றுவதில்லை. கிளைட் கழற்றினான். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு லொரெட்டாவைப் பார்த்தான். பிறகு முகத்தை நிமிர்த்தி, பறவை ஒன்றுமில்லாத வானத்தைப் பார்த்து, "ரொம்ப நன்றிம்மா," என்றான்.