வெள்ளைப் பூனைக்கு மை இல்லை

என் தம்பிக்குப் பட்டாணி என்று பெயர் வைத்தது நான்தான். ஆள் அவ்வளவு உருண்டை. ஆனால் ஒரு வாரமாகப் பட்டாணி வாடிப்போய்க் கிடந்தான். எங்கள் வெள்ளைப் பூனை மாவு, வயதாகிச் செத்துப்போய்விட்டது.

அன்று மாலை என் முன்னால் வந்து நின்றான்.

"அக்கா, கண்ணை மூடினா மாவு மூஞ்சி வரமாட்டேங்குது. நேத்துகூட வந்துச்சு. இப்ப வரவே இல்ல."

எனக்குச் சுரீரென்றது. போட்டோவைக் காட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. போனைத் தூக்கினாலே மாவு ஓட்டம் பிடிக்கும். எங்களிடம் உள்ள படங்களில் எல்லாம் வால் மட்டும்தான் இருக்கிறது.

"அதான் நானே வரைஞ்சுட்டேன். அம்மாகிட்ட சொல்லி சட்டையில போட்டுக் குடு. தினமும் பார்த்தா மறக்காதுல்ல?"

ஒரு கையில் பழுப்பு அட்டை. அதில் வெள்ளைக் கிரேயானால் வரைந்த பூனை; கண் பச்சை, மூக்கு ரோஸ், மீசை கறுப்பு. இன்னொரு கையில் அவனுடைய கறுப்புச் சட்டை.

எங்கள் வீட்டு முன்னறைதான் அம்மாவின் பட்டறை. சட்டைகளிலும் கோப்பைகளிலும் படம் பதிப்பது அவர் வேலை. முதலில் படத்தைத் தாளில் அச்சடிப்பார். அந்தத் தாளைச் சட்டைமேல் வைத்துச் சூடான தட்டால் அழுத்துவார். மை ஆவியாகி நூலுக்குள் புகுந்துகொள்ளும். அப்புறம் எத்தனை முறை துவைத்தாலும் போகாது.

"கறுப்புச் சட்டை எதுக்குடா?" என்றேன்.

"மாவு வெள்ளைதானே? கறுப்புலதான் பளிச்சுனு தெரியும்!"

மூளைக்காரன்தான். ஆனால் அம்மா உதட்டைப் பிதுக்கினார். "கறுப்பு மேல இந்த மை தெரியாது கண்ணு. அதுவும் இது பருத்தி. மை நிக்காது. வெள்ளை பாலியஸ்டர் சட்டை ஒண்ணு தரேன். முதல்ல ஒரு துண்டுத் துணியில போட்டுப் பார்ப்போம்."

அம்மா கோப்பைகளில் மும்முரமாக இருந்ததால், படத்தைக் கணினியில் ஏற்றியது நான். அட்டையின் பழுப்பு நிறம் அழுக்காகத் தெரிந்தது. சுத்தமாக அழித்துவிட்டேன். என்ன சாமர்த்தியம்!

அம்மா அழுத்தி எடுத்த துணியை மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். இரண்டு பச்சைக் கண்கள். ஒரு ரோஸ் மூக்கு. அந்தரத்தில் தொங்கும் மீசை. பூனையைக் காணோம்!

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "அடடா, நான் கவனிக்கவே இல்லையே! நம்மகிட்ட வெள்ளை மையே கிடையாதும்மா. படத்துல வெள்ளை வர்ற இடமெல்லாம் வெறும் துணிதான்."

"மாவு இங்கேயும் போயிடுச்சு," என்றான் பட்டாணி.

கத்தி அழுதிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகத்தான் சொன்னான். 

அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெறும் துணி என்றாலும் வெள்ளைத் துணிதானே? அப்படியானால் பூனை அங்கேதான் இருக்கிறது. அது எங்கே முடிகிறது என்பதுதான் தெரியவில்லை!

"டேய், மாவு எப்பவும் எங்க உக்காரும்?"

"உனக்குத் தெரியாதா?"

"நீ சொல்லேன்."

"ஜன்னல் பக்கத்துல. சிவப்பு நாற்காலியில."

ஒரு வெள்ளைத் தாளை அவன் முன் வைத்தேன். "நாற்காலியை வரை. ஜன்னலை வரை. மாவுக்குக் கண்ணு, மூக்கு, மீசை மட்டும் போடு. மத்தபடி அது உக்கார்ற இடத்தை அப்படியே விட்டுடு."

அக்காவுக்குக் கழன்றுவிட்டது என்பதுபோல என்னை மேலும் கீழும் பார்த்தான். ஆனாலும் சிவப்புக் கிரேயானை எடுத்தான்.

நாற்காலி கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது. திடீரென்று கை நின்றது. "இதுக்கு மேல வேணாம். இங்க தொப்பை வரும்," என்று கிரேயானை அந்த இடத்தைச் சுற்றி ஓட்டினான். நீல ஜன்னல் காதுவரை வந்தது. அங்கேயும் நின்றான். "இந்தக் காது நுனி மடிஞ்சிருக்கும்க்கா."

எந்த இடத்தில் நிறம் நிற்க வேண்டுமோ, அந்த இடத்தில் அவனுக்கு மாவு ஞாபகம் வந்தது. நடுவில் களுக்கென்று சிரித்தான்.

"சூடா எடுத்து வச்ச சட்டை மேலேயே ஏறிப் படுத்துக்குமே. சட்டை வாங்க வந்த அங்கிள், 'பூனை இனாமா?'ன்னு கேட்டாரு!"

"அந்தச் சட்டையில முடி எடுத்தே என் கை ஒடிஞ்சுது," என்றார் அம்மா. அவரும் சிரித்தார்.

பிறகு அம்மா வேலையில் இறங்கினார். கோடு மங்காமல் இருக்கப் படத்தைத் துல்லியமாக ஸ்கேன் செய்து தாளில் அச்சடித்தார். வெறும் சட்டையை ஒருமுறை சூடாக்கினார். "ஈரம் இருந்தா திட்டுத்திட்டா ஆயிடும். பட்டாணி, மூக்கை உறிஞ்சிக்கிட்டு மேல குனியாதே!" தாள் நகர்ந்தால் படம் இரட்டையாகிவிடும் என்று ஓரங்களில் டேப் ஒட்டினார்.

"என்னம்மா, தாள்ல கலர் இவ்வளவு டல்லா இருக்கு?" என்றேன்.

"சூடு பட்டாதான் அது முழிக்கும். பொறு."

மெஷின் கீச்சென்று கத்தியது. அம்மா தட்டைத் தூக்கி, தாளை ஒரே இழுப்பில் உரித்தார்.

அப்பாடா! நாற்காலி அப்படிச் சிவந்திருந்தது. ஜன்னல் அப்படி நீலம். நடுவே தொப்பையும் மடிந்த காதுமாக, வெள்ளை வெளேரென்று ஒரு பூனை எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆறும்வரை பட்டாணி மெஷின் பக்கத்திலேயே நின்றான். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு தடவிப் பார்த்தான்.

"அக்கா, மாவுக்கு நாம கலரே அடிக்கலையே."

"இல்லையே."

"அதுவா வந்து உக்காந்துக்கிச்சு!"

சொல்லிவிட்டுக் கண்ணை இறுக்க மூடினான். அம்மாவும் நானும் அவன் பக்கம் குனிந்தோம்.

"என்னடா, தெரியுதா?" என்றேன்.

"உஷ்! சத்தம் போடாதே," என்றான் பட்டாணி, கண்ணைத் திறக்காமலே. "இறங்கி ஓடிடப் போகுது."