வண்டி நல்லாத்தான் இருக்கு

நல்ல தூக்கத்தின் விலை நாலாயிரத்து ஐந்நூறு. பேரம் பேசத் தெரிந்தவருக்கு மூவாயிரத்து எண்ணூறு, தலையணை இலவசம். அவள் மெத்தைக்கடைக்காரர் மகள். தூக்கத்தை விற்றே வளர்ந்தவள். அந்த மழைப் பிற்பகலில், வாடிக்கையாளர் ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய தலையணையை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தின் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே பெரிய கண்ணாடியில் ஓட்டுநரின் கண்கள் தெரிந்தன.

அழகான கண்கள்தான்... ஆனால் கடை மூடும் நேரத்து ஷட்டர் மாதிரி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தன.

சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. நடுச்சாலையில் அவன் கதவைத் திறந்துவிட்டான். பாதித் தூக்கத்தில் இருந்த கைக்கு அதுவும் ஒரு நிறுத்தம்தான். இறங்கக் காலை நீட்டிய பெரியவரின் சட்டையைப் பிடித்து அவள் உள்ளே இழுத்தாள். ஒரு லாரி படியை உரசிக்கொண்டு போயிற்று.

"சார், தூங்குறீங்களா?"

"முழிச்சிட்டுத்தான் இருக்கேன்."

"எந்தக் கண்ணால?"

கதவை மூடினான். "நேத்து காலையில ஏறினது. மாத்து டிரைவர் வரல. நீங்க உங்க தலையணையைப் பாருங்க."

"பாத்துட்டுத்தான் இருக்கேன். இதுல வைக்க வேண்டிய தலையை நீங்க ஸ்டியரிங்ல வைக்கப் போறீங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான்... அவளுக்குப் பின்னால் நிறைந்திருந்த முகங்களையும் பார்த்தான். காது சிவந்தது.

அடுத்த நிறுத்தத்தில் எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்தான்.

"எனக்குத் தூக்கம் வருது. இதுக்கு மேல ஓட்ட மாட்டேன்."

"அப்போ நாங்க எப்படிப் போறது?" என்றது ஒரு குரல்.

"உசிரோட" என்றாள் அவள். தலையணையை அவனிடம் நீட்டினாள். "பின் சீட்ல படுங்க. யாரும் எழுப்பாம நான் பாத்துக்கறேன்."

டிப்போ மேலாளர் வரும்வரை மழைச்சாரலில் படியிலேயே நின்றாள். உள்ளே குறட்டை... சங்கீதம் இல்லைதான். ஆனாலும் கேட்கப் பிடித்திருந்தது.

அந்த வேலையில் வண்டி பழுதாகலாம். ஓட்டுநர் பழுதாகக் கூடாது. மேலாளரும் அதைத்தான் சொன்னார். "வண்டி கோளாறுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுப்பா. தூக்கம்னா உன் வேலைக்கு நான் பொறுப்பில்ல."

கன்னத்தில் தலையணைத் தடத்தோடு அவன் நிமிர்ந்தான். "வண்டி நல்லாத்தான் இருக்கு சார். ரெண்டு நாளா இறக்கி விடாம நீங்க ஓட்டினது என்னை. தூக்கம்னே எழுதுங்க."

"சாட்சிக் கையெழுத்து நான் போடறேன்" என்றாள் அவள்.

அன்றே அவனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

பத்தாம் நாள் தலையணையோடு கடைக்கு வந்தான். அவள் அப்பா மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "பயன்படுத்தின சரக்கைத் திருப்பி எடுக்கறதில்ல தம்பி."

"புகார் சொல்ல வந்தேங்க ஐயா. இதுல தூக்கமே வரல."

அளவு நாடாவைச் சுருட்டியபடி அவள் வந்தாள். "அன்னிக்கு அப்படிக் குறட்டை விட்டீங்க?"

"அன்னிக்கு நீங்க வாசல்ல நின்னீங்க..."

நாடா கையிலிருந்து நழுவி ஓடியது.

"வேலை?" என்றார் அப்பா.

"இன்னும் முடிவு சொல்லல. ஆனா இப்ப வேற நாலு டிரைவருங்களும் தூக்கம்னே எழுதிக் கொடுத்துட்டாங்க. வேலை போனா போகட்டும், சொன்னதை மாத்த மாட்டேன். இதையும் மாத்த மாட்டேன்... எனக்கு உங்க பொண்ணைப் பிடிச்சிருக்கு."

"வேலை நிச்சயமில்லாத பையனை எப்படிம்மா நம்பறது?"

"தூக்கம் வந்தா தூக்கம்னு சொல்ற ஆளுப்பா. என்கிட்ட எதை மறைக்கப் போறார்?" குரல் இறங்கியது. "எனக்கும்தான் பத்து நாளா தூக்கமில்ல..."

அப்பா நாற்காலியில் சாய்ந்தார். வியாபாரிக்குக் கணக்குதான் ஆறுதல். "ஒரு பஸ் ஜனம் பத்திரமா வீடு சேர்ந்தது, வரவு. தலையணை ஒண்ணு, அது வராம கோவிச்சுட்டுப் போன வாடிக்கையாளர் ஒருத்தர், என் பொண்ணு தூக்கம்... செலவு. பாக்கியை யார் கட்டறது?"

"தவணையில நான் கட்டறேங்க ஐயா."

"எப்போ தீரும்?"

"தீராம நான் பாத்துக்கறேன்ப்பா" என்றாள் அவள்.