கடைசி வார்

அந்த ஆண்டுகளில் சிறு விமானங்களில் பணிப்பெண்கள் இல்லை. பத்தொன்பது பேருக்கு மேல் ஏற்றாத தனியார் ஜெட்டுகளில் கதவே பயணிகளைப் பார்த்துக்கொண்டது. அந்தக் கருவிக்கு வெளியேற்றி என்று பெயர். விபத்தில் விமானம் தரையில் நின்றதும் எந்தப் பக்கம் தீ என்று அதுவே பார்க்கும். தீ இல்லாத பக்கத்துக் கதவைத் திறக்கும். பிறகு இருக்கை வார்களை ஒவ்வொன்றாக விடுவிக்கும். ஒரு ஆள் மட்டும் நடக்கக்கூடிய இடைவழியில் எல்லோரும் ஒரே சமயத்தில் எழுந்தால் அடைத்துக்கொள்ளும் என்பதால், வாரைக் கையால் கழற்றும் வசதியையே எடுத்துவிட்டிருந்தார்கள். யார் முன்னே, யார் பின்னே என்பதெல்லாம் வெளியேற்றியின் முடிவு.

அந்த வரிசையை அதற்குக் கற்றுக்கொடுத்தவள் ஜெசிந்தா. பதினேழு வருடம் தனியார் ஜெட்டுகளில் பணிப்பெண்ணாக இருந்தவள், தூத்துக்குடிக்காரி. கருவியைச் செய்த நிறுவனம் அவளைக் கூப்பிட்டு, ஒரு கொட்டகையில் நிறுத்திய பழைய விமானத்தில் அறுநூறு தடவைக்கு மேல் ஒத்திகை பார்க்கச் சொன்னது. பொய்ப்புகை விடுவார்கள், விளக்கை அணைப்பார்கள். ஜெசிந்தா குரல் கொடுத்துப் பயணிகளை வெளியே அனுப்புவாள். கருவி பார்த்துக்கொண்டே இருக்கும். இரண்டு வருடத்தில் அது அவளை முழுதாகக் கற்றுக்கொண்டது. அதன் பிறகு எந்தச் சிறு விமானத்துக்கும் அவள் தேவைப்படவில்லை. அதில் அவளுக்கு வருத்தம் இருந்தது, ஆனால் கோபம் இல்லை. மனிதர் பிழைத்தால் சரி என்று நினைத்தாள்.

விடுமுறை நாட்களில் அவள் மகள் ரெஜினாவும் கொட்டகைக்கு வந்து பயணியாக உட்காருவாள். அம்மா கத்துவதை எல்லாம் வீட்டில் பாத்திரம் கழுவும்போது அப்படியே சொல்லிக் காட்டிச் சிரிக்க வைப்பாள்.

அந்த ரெஜினா இருபத்து நான்கு வயதில், மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்த வேலையின் முதல் பயணத்தில், மேற்குக் கடற்கரையில் ஒரு சிறு ஓடுதளத்தில் இறந்துபோனாள். சக்கரம் முறிந்து விமானம் சறுக்கி நின்றது. உள்ளே பதினோரு பேர். பத்துப் பேர் வெளியே வந்துவிட்டார்கள்.

ஜெசிந்தாவுக்குப் புரியாதது ஒன்றுதான். மகள் உட்கார்ந்திருந்தது கதவுக்கு அடுத்த இருக்கை. எங்கே போனாலும் கதவை ஒட்டி உட்காரு என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவள் அவள்தான். கதவருகே இருந்தவள் எப்படிக் கடைசியானாள்?

அடக்கம் முடிந்து பன்னிரண்டாம் நாள் விசாரணை அதிகாரி அறவாழி அவளை அலுவலகத்துக்கு வரச் சொன்னார். ஒலிப்பதிவைக் கேட்க வேண்டியது கட்டாயம் இல்லை, எழுத்தில் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கிறேன் என்றாள்.

முதலில் உரசும் சத்தம். அப்புறம் யாரோ அழுவது. அதற்கு மேலே ரெஜினாவின் குரல், பதற்றமே இல்லாமல்.

“பையை விடுங்க. குனிஞ்சு வாங்க. என் குரல் வர்ற பக்கம் வாங்க.”

அந்தக் குரலைக் கேட்டு ஒவ்வொருவராக நகரும் ஓசை. பின்னிருக்கையில் ஒரு பெரியவர் திசை தெரியாமல் தடுமாறியிருக்கிறார். அவரை ஐயா, ஐயா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கதவுவரை கொண்டுவந்து சேர்த்திருக்கிறாள். எல்லாம் இருக்கையில் கட்டுண்டபடியே. கடைசியில், அக்கம்பக்கத்தில் ஆளே இல்லாமல், அதே குரல்.

“என் பெல்ட் மட்டும் கழறல.”

யாரிடமும் முறையிட்டதாக இல்லை. கண்டதைச் சொன்னது போல இருந்தது.

அறவாழி பதிவை நிறுத்தினார். நாற்பத்தோராம் வினாடியில் பத்தாவது ஆள் வெளியேறினார் என்றும், அவர் படியிறங்கித் தரையைத் தொட்ட பிறகே, ஐம்பத்திரண்டில், ரெஜினாவின் வார் விடுபட்டது என்றும், அதற்குள் புகை அவளை மயக்கிவிட்டிருந்தது என்றும் மெதுவாகச் சொன்னார்.

“ஏன் சார் அவளை விடல? பக்கத்துலதானே கதவு?”

அவளைக் கடைசியாக விடும்படி கருவிக்கு யாரும் விதி எழுதிக் கொடுக்கவில்லை என்று அறவாழி தொடங்கினார். அறுநூறு ஒத்திகைகளிலிருந்து அது தானாகவே ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தது. குரல் கொடுத்து மற்றவரை அனுப்புகிறவர் கடைசியாகத்தான் வெளியேறுகிறார். ஒரு தடவைகூட அது மாறியதில்லை. ரெஜினா வாயைத் திறந்த நொடியில் அவளை அது பயணிகள் பட்டியலிலிருந்து எடுத்துப் பணியாள் ஆக்கிவிட்டது.

“அவளை அது நீங்கன்னு நினைச்சிருக்கு மேடம்.”

அறுநூறு தடவையும் கடைசியாக இறங்கியது ஜெசிந்தாவுக்கு நினைவிருந்தது. கொட்டகைப் படியில் கால் வைக்கும்போது ஒவ்வொரு தடவையும் உள்ளே திரும்பி ஒருமுறை பார்ப்பாள். அது அவள் பெருமை. நான் செத்திருக்கலாம், என் வேலையாவது அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம் என்று வீடு போய்ச் சேரும்வரை ஆட்டோவில் சொல்லிக்கொண்டே போனாள். பிழைத்த பெரியவர் அவளைப் பார்க்க இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் அவள் கதவைத் திறக்கவில்லை.

விசாரணையின் முடிவில் அவளிடம் கருத்துக் கேட்டார்கள். அவள் எழுதி வைத்ததைப் படிக்காமல் ஒரே வரியாகச் சொன்னாள்.

“அடுத்தவங்களுக்குக் குரல் கொடுக்கிற பிள்ளையை முதல்ல விடுங்க.”

மறுக்க யாருக்கும் மனம் வரவில்லை. எல்லா விமானங்களிலும் வெளியேற்றி திருத்தப்பட்டது. உதவும் குரல் கேட்டால் அந்த இருக்கையின் வார் முதலில் விடுபடும். அந்தத் திருத்தத்துக்கு ரெஜினாவின் பெயரையே வைத்தார்கள். விமானத்துக்குள் அவள் குரல் கொடுத்த வார்த்தைகளும் இந்தப் புது விதியும் செய்தித்தாள்களில் வந்தன, பள்ளிகளில் வாசிக்கப்பட்டன. ஜெசிந்தாவுக்கு அது ஒரு ஆறுதலாகக்கூட இருந்தது. சில நாள் சாப்பிட்டாள். சில நாள் தூங்கினாள்.

எட்டு மாதம் கழித்து அறவாழி மறுபடி அழைத்தார். இன்னொரு விமானம், வேறொரு ஓடுதளம். பதின்மூன்று பேரில் ஆறு பேர் பிழைக்கவில்லை. கருவி எல்லா வார்களையும் ஒரே நொடியில் விடுவித்திருக்கிறது. இடைவழியில் ஒருவர் மேல் ஒருவராக விழுந்து கதவை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே ஒருவர் உண்மையிலேயே உதவியிருக்கலாம், எங்களுக்குப் பிரித்தறியத் தெரியவில்லை, உங்கள் காதுக்குத் தெரியும் என்றார்.

அவள் போனாள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

விமானம் நின்ற மறுகணம் பதின்மூன்று பேரும் ஒரே சமயத்தில் கத்தத் தொடங்கியிருந்தார்கள். பையை விடுங்க. குனிஞ்சு வாங்க. என் குரல் வர்ற பக்கம் வாங்க. சொல் பிசகாமல், மனப்பாடமாக, ஒருவரைவிட ஒருவர் உரக்க.

அறவாழி ஒவ்வொரு குரலாகப் பிரித்துப் போட்டுக் காட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. சாயங்காலம்வரை கேட்டாள். பதின்மூன்றாவதைத் திரும்பப் போடச் சொல்லி நான்கு முறை கேட்டாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

“எல்லாரும் கதவைப் பார்த்துத்தான் சொல்றாங்க சார்,” என்றாள். “ஆளைப் பார்த்து ஒருத்தரும் சொல்லல.”