சாருவின் பெயரை அமைதியாகச் சொல்வது

டிசம்பர் கடைசி வாரத்தில் எங்கள் வட்டத்து நலப்பேணல் மையத்தின் வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிடும். புத்தாண்டுக்கான தற்பேணல் உறுதிகளை முப்பத்தொன்றாம் தேதிக்குள் பதிந்தாக வேண்டும். குறைந்தது மூன்று. நடை, தூக்கம், தண்ணீர் என்று எழுதிப் பெரும்பாலோர் தப்பித்துக்கொள்வார்கள். ஜனவரி முதல் தேதியிலிருந்து மணிக்கட்டின் நாடிப்பட்டை அவற்றைக் காவல் காக்கும்.

எனக்கு முன்னால் பக்கத்து வீட்டு மெர்சி நின்றாள்.

"தமயந்தி அக்கா, இந்த வருஷமாவது என் லட்டைத் திருப்பிக் கேக்கப் போறேன்."

"குடுத்துடுவாங்களா?"

"எங்கே! அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வீறாப்பா 'இனிப்பு தொடமாட்டேன்'னு எழுதித் தொலைச்சேன். பொண்ணு கல்யாணத்துல லட்டை எடுத்தா பட்டை கத்துது, மாப்பிள்ளை வீட்டு சனம் மொத்தமும் திரும்பிப் பாக்குது. சம்பந்தியம்மா எனக்கு வெள்ளரிக்காய் நறுக்கிக் கொண்டாந்து வெக்கிறாங்க!"

சிரித்தோம். உறுதிகளைக் கூட்டலாம், கழிக்க முடியாது. கழிக்க விரும்புவதே நோயின் அறிகுறி என்கிறது சட்டம். அந்த நோய் இல்லை என்று காட்ட ஒரு தேர்வு உண்டு; தேறினால் கழிக்கலாம். விலக்கி வைத்ததைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும். நாடி எண்பதைத் தாண்டக் கூடாது. மெர்சிக்கு லட்டு என்று சொன்னாலே தொண்ணூறு.

நான் விலக்கி வைத்தது என் தங்கை சாருமதியை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் முப்பதாம் தேதி, ஈரோட்டில் அவள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "நீ எல்லாருக்கும் செய்வே, அப்புறம் அதையே சொல்லிக் காட்டுவே. தியாகி வேஷம்னா உனக்கு உசிரு அக்கா" என்றாள். உண்மை என்பதால் எரிந்தது. மறுநாள் இங்கே வந்து, 'மன அமைதியைக் குலைப்பவர்களிடமிருந்து விலகியிருப்பேன்' என்று எழுதினேன். கீழே ஒரு கட்டம், எடுத்துக்காட்டாக ஒரு பெயர் கேட்டது. காலியாக விட்டிருக்கலாம். பள்ளிக்கூட நாளிலிருந்தே எந்தப் படிவத்திலும் கட்டத்தைக் காலியாக விட்டு எனக்குப் பழக்கமில்லை.

அன்றிலிருந்து அவள் அழைப்பு எனக்கு வருவதில்லை, என்னுடையது போவதில்லை. ஈரோட்டுப் பேருந்தின் கதவு என் பட்டைக்குத் திறப்பதில்லை. இரண்டு முறை தேர்வுக்கு உட்கார்ந்தேன். இரண்டு முறையும் "சாரு" என்று தொடங்கியதுமே நூற்றுப் பத்து.

அதனால் இந்த ஆண்டு பயிற்சி செய்தேன். தினமும் பல் தேய்த்ததும் கண்ணாடி முன் நின்று அவள் பெயரை ஐம்பது முறை சொன்னேன். நாய் துரத்தியபோது அவள் என் முதுகில் தொற்றிக்கொண்டது, என் பிரசவ அறைக்கு வெளியே செருப்பில்லாமல் நின்றது என்று ஒவ்வொன்றாக எடுத்து, யாரோ ஒருத்தியைப் பற்றிய செய்தி போல ஒப்பித்தேன். களையக் களைய அரிசித் தண்ணீர் தெளிவது போல நான் தெளிந்துகொண்டே வந்தேன். ஆடி மாதத்தில் ஒரு காலை, அந்தப் பெயர் வெறும் ஓசையாக இருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"எழுபத்தொண்ணு!" என்றார் தேர்வு அதிகாரி பிரணவ். "பத்து நிமிஷமும் அசையவே இல்லைங்க மேடம். ஆளுங்களை விலக்கினவங்கள்ல இந்த வட்டத்துல தேறின முதல் ஆள் நீங்கதான். இப்பவே பேசுறீங்களா?"

இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"அக்கா?"

கேட்க நினைத்தவை எல்லாம் வரிசையாக நினைவிருந்தன. எதையும் கேட்க வேண்டும் போலில்லை.

"நல்லா இருக்கியா?" என்றேன், பால் போடுபவரிடம் கேட்பது போல.

"அக்கா, நீதானா? அன்னிக்கு நான் சொன்னது... மூணு வருஷமா..." உடைந்து அழுதாள். அழுகையின் நடுவிலேயே ஒலி நின்றுவிட்டது.

"உங்க பக்கம் இல்லைங்க" என்றார் பிரணவ், திரையைப் பார்த்தபடி. "அவங்க பட்டை துண்டிச்சிருக்கு. நாடி நூத்தி முப்பது. 'நிம்மதியா இருப்பேன்'னு அவங்க ஒரு உறுதி வெச்சிருக்காங்க. நாடி ஏறினதும் அதுல உங்க பேரு இப்போ தானா சேர்ந்துடுச்சு."

"இனி?"

"இனி அவங்க தேர்வு எழுதணும். கவலைப்படாதீங்க. நீங்க எப்படிப் பழகினீங்கன்னு எழுதிக் குடுங்க, அவங்க மையத்துக்கு அனுப்பிடறேன். ஒரே வருஷத்துல தேறிடுவாங்க. அப்புறம் ரெண்டு பேரும் தினமும் பேசலாம்."

தாளையும் பேனாவையும் நகர்த்தி வைத்தார். தினமும் பேசும் இருவரை நினைத்துப் பார்த்தேன். நல்லா இருக்கியா. இருக்கேன். நீ? அதற்கு மேல் இருவருக்கும் எதுவும் வேண்டியிருக்காது.

"முறைன்னு ஒண்ணும் இல்லைங்க" என்றேன். "நாளாக நாளாகத் தானா அடங்கிடுச்சு."

அவர் நம்பினார். பொய் சொன்னபோதும் என் நாடி ஏறவில்லை. அவளை இழக்கிறேன் என்ற வலிகூட வரவில்லை. இழக்கிறேன் என்பது தெரிந்தது, அவ்வளவுதான். ஈரோட்டில் ஒருத்தி அழுதுகொண்டிருப்பாள். எங்கள் இருவரையும் சேர்த்து இப்போது வைத்திருப்பவள் அவள் ஒருத்திதான்.