வெட்டுப்பட்ட கடைசி அத்தியாயம்

வர்ஷினிக்குப் பொறுமை என்பதே கிடையாது. இரண்டாம் வகுப்பில் கதை எழுதத் தொடங்கியவள், ஆறாம் வகுப்பில் ஒரு நாவலே எழுதிவிட்டாள். முப்பது பக்கம்தான், ஆனாலும் அவள் கணக்கில் அது நாவல். முடிவு எழுதும்வரைகூடக் காத்திருக்காமல் சென்னையில் இருக்கும் ஒரு சிறுவர் இதழுக்கு அனுப்பிவிட்டாள்.

பதில் வந்தது. "கதை பிடித்திருக்கிறது. முடிவைக் காணோமே? சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்பினால் அடுத்த இதழில் வெளியிடுவோம்."

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்று முடிவுகளை எழுதிக் கிழித்தாள். வெள்ளிக்கிழமை மாலை நான்காவதை எழுதி, மேசைமேல் வைத்தாள்.

அப்பா பிரபாகர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சட்டை அளவு வரைந்த பெரிய பேப்பர்கள் வீணானால் வீட்டுக்குக் கொண்டுவருவார். அதன் பின்பக்கம்தான் வர்ஷினியின் நோட்டு.

சனிக்கிழமை காலையில், முடிவு எழுதிய பேப்பரைக் காணோம். அம்மாவின் போனை எடுத்தாள்.

"ஏனுங்கப்பா, மேசைமேல இருந்த பேப்பர் எங்கீங்க?"

"அது வேஸ்ட் இல்ல கண்ணு. அளவு சரிபார்க்கத்தான் ஊட்டுக்கு எடுத்துட்டு வந்தேன். காத்தாலயே துணிமேல போட்டு வெட்டியாச்சே."

வர்ஷினிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று தன்னையே திட்டிக்கொண்டு, அடுத்த தெருவில் இருந்த கம்பெனிக்கு ஓடினாள்.

வெட்டிய துணிக்கட்டுகள் தையலுக்குப் போயிருந்தன. ஒவ்வொரு கட்டின்மேலும் ஒரு பேப்பர் துண்டு இருந்தது. மிஷின் மிஷினாகப் போய்ப் பொறுக்கினாள். சட்டையின் முதுகுத் துண்டில் பாதிப் பக்கம் கிடைத்தது. வலது கைத் துண்டில் நாலு வரி. இடது கைத் துண்டை மட்டும் காணோம்.

"இதையா தேடுத?" டெய்லர் ரோஸ்மேரி சாப்பாட்டுப் பையிலிருந்து அதை எடுத்தார். "என் மவ ஜெனிட்டா ஊர்ல அவ மாமா வீட்டுல இருக்கா. போன்ல வாசிச்சுக் காட்டலாம்னு எடுத்து வச்சேன். நீயா எழுதுன?"

"ஆமாங்க அக்கா."

"'கடைசி பஸ்ஸும் வந்தது'ன்னு கதை பாதியில நிக்கி. அந்தப் பிள்ளையோட அம்மா வந்தாளா, இல்லையா?"

கதையில் பரணியின் அம்மா வெளியூரில் பனியன் கம்பெனிக்குப் போயிருந்தாள். பரணி தினமும் பஸ் ஸ்டாப்பில் காத்திருப்பாள். 'அம்மா வரவில்லை' என்ற வரி வர்ஷினி பொறுக்கிய துண்டிலேயே இருந்தது. பெரிய நாவல் என்றால் படிப்பவர்கள் அழ வேண்டும் என்று நினைத்து எழுதிய வரி. ரோஸ்மேரியின் முகத்தைப் பார்த்ததும் அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஆனால், அம்மா வந்துவிட்டாள் என்று பொய் சொல்லவும் மனமில்லை.

"இன்னும் முடிக்கலீங்க அக்கா. இந்தத் துண்டை நீங்களே வெச்சுக்குங்க."

அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்தாள். எழுந்தாள். நடந்தாள். பென்சிலைக் கடித்தாள். மணி நான்கு.

திடீரென்று கேட்டுக்கொண்டாள்: அம்மா வராவிட்டால் என்ன? பரணிக்குக் கால் இல்லையா?

எழுதினாள். கடைசி பஸ்ஸில் அம்மா வரவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில், மாமாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பரணி ஏறினாள்.

நாலு ஐம்பதுக்கு அப்பாவின் போனில் படம் எடுத்து அனுப்பினாள். பிறகு ரோஸ்மேரியிடம் வாசித்துக் காட்டினாள். ரோஸ்மேரி மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

அடுத்த மாதம் இதழ் வந்தது. வர்ஷினியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. ரோஸ்மேரி இரண்டு இதழ் வாங்கி, ஒன்றை ஊருக்கு அனுப்பினார்.

காலாண்டு விடுமுறையின் முதல் நாள், திருப்பூர் பஸ் ஸ்டாண்டுக்கு ரோஸ்மேரி வர்ஷினியையும் கூட்டிப்போனார். ஒரு பஸ்ஸிலிருந்து சின்னப் பெண் ஒருத்தி குதித்தாள். கையில் அந்த இதழ்.

"எம்மா, பரணி மாதிரி நானே வந்துட்டேன்."

"பையெல்லாம் தூக்கிட்டு வந்தவன் யாராம்?" என்றார் பின்னால் இறங்கிய மாமா.

ஜெனிட்டா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். வர்ஷினி பார்த்துக்கொண்டே நின்றாள். அன்றைக்கு மட்டும் அவளுக்கு எங்கும் ஓடத் தோன்றவில்லை.