யாரும் உடுத்தாத துணி

கொடியிலிருந்து எடுத்த மாஸ்க் ஈரமாக இருந்தது. முழுதும் இல்லை. ஓரங்களும் காதில் மாட்டும் நாடாவும் கொண்டாப்பூரின் மே மாத வெயிலில் அப்பளம் போல விறைத்திருக்க, நடுவில், வாய் வருகிற இடத்தில் மட்டும், உள்பக்கம் வட்டமாக நனைந்திருந்தது. வேதா விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக, கொழகொழவென்று ஒட்டியது. தண்ணீர் அப்படி ஒட்டாது; எச்சில்தான் ஒட்டும்.

எச்சில் விஷயத்தில் வேதாவிடம் யாரும் வாலாட்ட முடியாது. வாய்வைத்துக் குடிக்கும் விருந்தாளிகளுக்கென்றே தனித் தம்ளர் வைத்திருப்பவள். கல்யாணத்தன்று மாப்பிள்ளை கடித்துக் கொடுத்த வாழைப்பழத்தை வாயில் போடுவது போல் பாவனை காட்டி முந்தானையில் ஒளித்தவள் என்று புகுந்த வீட்டில் இன்றைக்கும் கேலி உண்டு.

அந்த மாப்பிள்ளை, கிருஷ்ணகுமார், இப்போது கொரோனாவோடு படுக்கையறையில் கதவடைத்துக் கிடந்தான். எந்த ஆஸ்பத்திரியிலும் இடமில்லை. கஞ்சி வைத்துக் கொடுக்கவும் ஆக்சிமீட்டரில் எண் இறங்குகிறதா என்று பார்க்கவும் அவளை விட்டால் ஆள் கிடையாது. அவளும் படுத்துவிட்டால் அவன் கதி அதோகதிதான்.

மாஸ்க் வேண்டும்; ஊரடங்கில் கடைகள் இல்லை. எதிர் ஃபிளாட் ரக்ஷிதா அன்போடு தைத்துத் தந்தவற்றை, யார் கை பட்டதோ என்று அன்றே குப்பையில் போட்டாயிற்று. பழைய புடவைகளை வெட்டலாம் என்றால் எல்லாம் வியர்வை குடித்தவை. கடைசியில் பீரோவின் அடித்தட்டில் மடிப்புக் கலையாத வேட்டி ஒன்று அகப்பட்டது. யார் உடம்பும் படாத துணி. வீட்டிலேயே சுத்தமானது அதுதான் என்று சந்தோஷமாக வெட்டிக் கையாலேயே தைத்தாள்.

நனைந்த மாஸ்க்கை இரண்டு விரலால் பிடித்தபடி படுக்கையறைக் கதவருகே போய் நின்றாள்.

"என்னங்க, வெளிய வந்து என் மாஸ்க்க எடுத்துப் போட்டீங்களா?"

"பாத்ரூமுக்கே சுவத்தப் புடிச்சுக்கிட்டுப் போறேன். நான் எங்கடி வெளிய வர்றது?" இருமி முடிக்க அவனுக்கு நேரமாயிற்று. "எந்தத் துணியில தச்ச?"

"பீரோல இருந்த புது வேட்டி."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"அது சம்பந்தம் பெரியப்பாவுக்கு வாங்குன கோடி, வேதா."

ஊரின் இன்னொரு மூலையில், மௌலா அலியில் தனியாக இருந்த அவன் பெரியப்பா போன மாதம் இதே நோயில்தான் போய்ச் சேர்ந்தார். பிள்ளையில்லாத மனிதர் என்பதால், பிணத்தின்மேல் போர்த்த வேண்டிய கோடித்துணியைக் கிருஷ்ணகுமார்தான் வாங்கினான். உடலைக் கண்ணிலேயே காட்டவில்லை. பிளாஸ்டிக் பையில் சுற்றி ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வாங்கிய கோடி வாங்கியபடியே வீடு திரும்பியது.

"அவர் மேல படவே இல்லையே. அப்புறம் என்ன தீட்டு?"

"அவருக்குன்னு எடுத்ததுடி. அத எதுக்குத் தொட்ட?"

தொட்டாயிற்று, இனி என்ன செய்ய? எல்லா மாஸ்க்கையும் உப்பும் டெட்டாலும் போட்டுக் கொதிக்க வைத்தாள். மொட்டைமாடி வெயிலில் சுடச்சுடக் காயவைத்து, எவர்சில்வர் டப்பாவில் போட்டு அழுத்தி மூடினாள். மாலையில் மூடியைத் திறந்தபோது உள்ளேயிருந்து வாடை முகத்தில் அடித்தது. வெற்றிலையும் புகையிலையும் சொத்தைப்பல்லும் ஒன்றாக ஊறிய வாடை. அத்தனை மாஸ்க்கும் நனைந்திருந்தன. அத்தனையிலும் வாய்க்கு நேராக ஒரு சிவப்பு வட்டம்.

அவளுக்குத் தெரிந்த வாய்தான். ஒரு முறை வீட்டுக்கு வந்த பெரியப்பா அடுப்படிக்குள் நுழைந்து, கொதிக்கிற சாம்பாரைக் கரண்டியோடு உறிஞ்சிவிட்டு அதே கரண்டியைத் திரும்பப் பாத்திரத்தில் போட்டார். வேதா அவர் கண்ணெதிரிலேயே சாம்பாரைச் சாக்கடையில் கவிழ்த்தாள். "நக்கோம்மா, வேணாம், கொட்டாத. பெரியவங்க எச்சில் அமிர்தம்," என்று சிவந்த பற்கள் தெரியச் சிரித்தார் மனிதர்.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஆக்சிமீட்டர் கத்த ஆரம்பித்தது. எண் இறங்கினால் உடனே குப்புறப் படுக்க வையுங்கள் என்று டாக்டர் போனில் சொல்லியிருந்தார். அவனால் தானாகப் புரள முடியாது. முந்தானையால் வாயைப் பொத்தினால் நிற்காது. இரண்டு கையும் வேண்டும். இஸ்திரிப் பெட்டிக்குத் தப்பும் கிருமி உண்டா என்று தனக்கே தைரியம் சொல்லிக்கொண்டு, மாஸ்க் ஒன்றைத் துணி தீய்கிற வாசனை வரும்வரை தேய்த்து, சூடு ஆறுமுன் மாட்டிக்கொண்டாள். காய்ந்துதான் இருந்தது.

கிருஷ்ணகுமாரின் உதடு நீலம் பாரித்திருந்தது. தோளுக்கடியில் ஒரு கை, இடுப்புக்கடியில் ஒரு கை கொடுத்துப் புரட்டினாள். பாதி புரண்டவன் கட்டில் விளிம்புக்குச் சரிந்தான். முழுப் பாரமும் அவள் கைகளில். விட்டால் விழுவான்.

மூச்சு இழுத்தாள். ஈரம்.

துணி உதட்டில் வந்து ஒட்டியது. அவள் மூச்சை வெளியே விட்டாள். துணி உள்ளே இழுத்தது.

"வாங்க பெரியப்பா," என்றான் கிருஷ்ணகுமார். அவன் கண்கள் அவள் வாயிலேயே நின்றன. "என்னத்த மெல்லுறீங்க?"

அவள் பற்களை இறுகக் கடித்திருந்தாள். துணி ஏறியது. இறங்கியது. மென்றது. சிவப்பு படர்ந்தது. மோவாயில் வழிந்து அவன் சட்டையில் சொட்டியது.

தடித்த நாக்கு ஒன்று அவள் மூடிய உதடுகளை நக்கியது. சூடான வெற்றிலைச் சக்கையை நடுவில் வைத்துத் தள்ளியது. தலையை உதறினாள். மூக்கிலும் ஈரத்துணி. மூச்சு இல்லை. கையை எடுத்தால் அவன் விழுவான். எடுக்கவில்லை.

உதடு பிரிந்தது.

கண்ணில் நீர் வழிய, கணவனைத் தாங்கியபடியே, வேதா மென்றாள். விழுங்கினாள். அடுத்த கவளத்துக்கு அவள் வாய் தானாகத் திறந்தது.